இன்டர்காம் பதினான்கு

எனக்கு அவள்மேல் பொறாமை. சுற்றி வளைக்காமல் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். மரியாதைக்கு 'அவர்' என்று எழுத வேண்டும். நேரில் 'நீங்க' என்றுதான் பேசுவேன். ஆனால் மனதுக்குள் நினைக்கும்போது 'அவள்' என்றுதான் வருகிறது. திருத்துவது என் தொழில் என்றாலும் இதைத் திருத்தப் போவதில்லை.

நாங்கள் இருவரும் ஒரு மாலைப் பத்திரிகையில் புரூஃப் பார்ப்பவர்கள். அச்சுக்குப் போகும் முன் பக்கங்களைப் படித்துப் பிழை பிடிப்பது வேலை. முன்பு எங்கள் அறையில் எட்டுப் பேர், நான்கு மேசை. மேசைக்கு இருவராக எதிரெதிரே உட்காருவோம். ஒருவர் நிருபர் எழுதிக் கொடுத்ததை வாய்விட்டுப் படிக்க வேண்டும். மற்றவர் அச்சுப்படியில் கண்ணை ஓட்டி, பிழை தென்பட்டால் சிவப்புப் பேனாவால் சுழிக்க வேண்டும். படிப்பவர் குரல், பார்ப்பவர் கண். பதினெட்டு வருடம் அவள் குரல், நான் கண். கமா, புள்ளி எல்லாவற்றையும் சேர்த்தே படிப்பாள். "அமைச்சர் கமா நேற்று காலை கமா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார் புள்ளி." பத்தி முடிந்ததும் நிமிர்ந்து, "போகலாமா?" என்பாள். நான் "போ" என்பேன். 'போங்க' இல்லை, வெறும் 'போ'. அந்த ஒருமை மேசையில் மட்டும்தான் செல்லுபடியாகும். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் மறுபடி 'நீங்க' வந்துவிடும்.

அலுவலகத்தில் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள்கூட என்னிடம் நீட்டும் முன் ஒரு தடவை படித்துப் பார்த்துக்கொள்வார்கள். அவளுக்கு 'வானொலி' என்று பெயர் வைத்தவனே நான்தான். மெதுவாகப் பேசத் தெரியாதவள் என்று கிண்டலுக்கு வைத்தேன். என் வாய்க்கு அப்படி ஒரு பலிதம் இருக்கும் என்று யார் கண்டார்கள்?

எட்டுப் பேர் நான்கு பேரானோம், நான்கு இரண்டானது. இப்போது நிருபர்கள் எழுதுவதே இல்லை. செல்பேசியைப் பார்த்துப் பேசுகிறார்கள், அது எழுதிக்கொள்கிறது. கையெழுத்துப் பிரதியே இல்லாதபோது அதைப் படித்துக் காட்ட ஆள் எதற்கு என்று நிர்வாகம் கேட்டது. அவளை வேலையை விட்டு நிறுத்தும் கடிதம் தயாரானது. அதே வாரம்தான் ஒலிச்செய்தி என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். தினமும் பகல் ஒன்றேகாலுக்குப் பத்து நிமிடம், செல்பேசியில் கேட்கலாம். படிக்க வேண்டிய பெண்ணுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. செய்தி ஆசிரியர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "வானொலி, இன்னிக்கு ஒரு நாள் நீங்க படிச்சிடுங்களேன்" என்றார். அந்த ஒரு நாள் முடிந்து மூன்று வருடமாகிறது.

பத்திரிகை வாங்குகிறவர்கள் குறையக் குறைய, அவளைக் கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். பழக்கடையில் அவள் குரல். பல் டாக்டரிடம் போய் வாயைத் திறந்துகொண்டு படுத்தால் அங்கேயும் அவள் குரல். என் வீட்டிலேயே ஒன்றேகாலானால் செல்பேசி சமையல் மேடையில் சாய்ந்து நிற்கும். நான் புரூஃப் பார்த்த பத்திரிகை அலமாரித் தட்டில் விரிப்பாகக் கிடக்கும்.

"என்ன குரல்ங்க அது! சாவுச் செய்தியைக்கூட பக்கத்துல உக்காந்து கையப் பிடிச்சுச் சொல்ற மாதிரி சொல்றாங்க" என்றாள் என் மனைவி, ஒரு விடுமுறை நாளில்.

"பதினெட்டு வருஷமா என் எதிர்ல கத்தின குரல்தான் அது."

"கத்தின குரலா? ஒரு நாளாவது நல்லா இருக்குன்னு சொல்லியிருப்பீங்களா நீங்க?"

சொன்னதில்லை. சொல்லத் தோன்றியதும் இல்லை. இப்போது ஊரே சொல்லும்போது என்னுடைய ஒன்று எதற்கு?

அவள் போனபின் பன்னிரண்டு பக்கமும் என் ஒருவன் தலையில். பதினொன்றுக்கு வர ஆரம்பிக்கும், ஒன்றுக்கு முடிக்க வேண்டும். எதிர் நாற்காலியில் குரல் இல்லாமல் கண் தனியாக ஓடினால் ஓடிக்கொண்டே இருக்கும், நிற்காது. பிழைகள் தப்பின. 'அரசுப் பல்லியில் மாணவர் சேர்க்கை' என்று நாலு பத்தித் தலைப்பு போயிற்று. அடுத்த வாரம் 'வெல்லம் வடிந்தது, மக்கள் வீடு திரும்பினர்'. அதே செய்திகளை அவளும் படித்தாள். அவளுக்கு வந்ததும் அதே பிழையோடுதான் வந்தது. ஆனால் அவள் வாயில் பள்ளி பள்ளியாகவும் வெள்ளம் வெள்ளமாகவும் வெளியே வந்தன. ஒரு வாசகர் கடிதம் போட்டார்: 'ஐயா, உங்கள் ஒலிச்செய்தியில் பிள்ளைகள் பள்ளியில் சேர்கிறார்கள், பத்திரிகையில் பல்லியில் சேர்கிறார்கள். நாங்கள் யாரை நம்புவது?' செய்தி ஆசிரியர் அதை அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வயிறு எரிய எரிய.

அன்று கேன்டீனில் அவளிடம் நேரடியாகவே கேட்டேன். "என் மானத்தை வாங்கணும்னே பண்றீங்களா?"

டம்ளரைக் கீழே வைத்தாள். "என்ன சார் இது? தப்பு கண்ணுல பட்டா நாக்கு தானா சரி பண்ணிக்குது. உங்க எதிர்ல உக்காந்து பழகின நாக்கு. வேற எப்படிப் படிக்கும்?"

இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டிருக்கலாம். நான் பீற்றலாக எடுத்துக்கொண்டேன்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் எழுந்திருக்கும்போது. "இப்ப வேணாம். உறுதியாகட்டும், அப்புறம் சொல்றேன்." சம்பள உயர்வாக இருக்கும், அல்லது பதவியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் அவள் செய்தி படிக்கிற கண்ணாடி அறைக்குப் புது நாற்காலி வந்தது. நீல நிறம், முதுகுக்கு வளைவு, கைக்குத் தாங்கல். என் நாற்காலியின் ஒரு கால் கீழே மடித்து வைத்த பழைய பத்திரிகைமேல் நிற்கிறது. ஒரு ஆண்பிள்ளை, ஐம்பத்திரண்டு வயது, நாற்காலியைப் பார்த்துப் பொருமினேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பொருமினேன்.

இனி நடந்ததைச் சொல்ல ஒரு விதியைச் சொல்ல வேண்டும். செய்தி வந்தவுடனே அவளுக்கும் ஒரு பிரதி போய்விடும், என் திருத்தத்துக்குக் காத்திருக்காது. எழுத்துப் பிழையை நாக்கு பார்த்துக்கொள்ளும். ஆனால் செய்தியே மாறினால், யார், எத்தனை பேர், எந்த இடம் என்று ஏதாவது மாறினால், நான் இன்டர்காமில் அவள் அறை எண்ணான பதினான்கை அழுத்திச் சொல்ல வேண்டும். அவள் அதைத் திருப்பிச் சொல்லி, "போகலாமா?" என்பாள். நான் "போ" என்று சொல்லி வைத்துவிடுவேன். மூன்று வருடத்தில் ஒரு நாளும் தவறியதில்லை.

ஒரு வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஒரு விபத்துச் செய்தி வந்தது. புறவழிச் சாலையில் லாரி மோதி, இருசக்கர வாகனத்தில் போன அண்ணன் தம்பி இருவரில் தம்பி பலி, அண்ணன் படுகாயம். பன்னிரண்டு நாற்பதுக்கு நிருபர் கூப்பிட்டார். "சார், மாறிப்போச்சு. இறந்தது அண்ணன். தம்பி பிழைச்சுட்டார், கால்தான் முறிஞ்சிருக்கு." ஒன்றாம் பக்கத்தில் திருத்தினேன். தலைப்பில், செய்தியில், படத்துக்குக் கீழே என மூன்று இடத்திலும் மாற்றி, மாற்றியதை மறுபடி பார்த்தேன். பிறகு ரிசீவரை எடுத்தேன்.

செய்திக் கூடத்துக்கு மாற்றப்பட்ட என் மேசையிலிருந்து கண்ணாடி அறை நேரே தெரியும். அவள் ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒலிப்பதிவாளரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். நீல நாற்காலியில் அரைச் சுற்று சுற்றினாள். சிறுபிள்ளை மாதிரி. ஒன்றை அழுத்தினேன். நான்கை அழுத்தவில்லை. ரிசீவரை வைத்துவிட்டேன்.

மறந்துவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. இன்னும் நேரம் இருக்கிறது, ஒன்பதாம் பக்கத்தை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்பதை முடித்தேன், பதினொன்றை எடுத்தேன். ஒன்றேகாலுக்கு அறைக் கதவுமேல் விளக்கு எரிந்தது. கூடத்து ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது. "அண்ணன் படுகாயமடைந்தார். தம்பி அந்த இடத்திலேயே உயிரிழந்தார்." பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். அப்போது எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதையும் மறைக்கப் போவதில்லை. இப்போது தெரியட்டும் யார் சரி, யார் தப்பு என்று நினைத்தேன்.

மறுநாள் காலை என்னைச் செய்தி ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே வானொலி நின்றுகொண்டிருந்தாள். நாற்காலி நுனியில் ஒரு பெண், முப்பது வயதிருக்கும், தையல் கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றக்கூட மறந்து கழுத்தில் போட்டிருந்தாள். அந்தத் தம்பியின் மனைவி.

"நான் சண்டை போட வரல சார்" என்றாள். "நேத்து சாப்பாட்டு நேரம். நானும் என் ஓரகத்தியும் ஒரே கம்பெனி, ஒரே பெஞ்ச். ஒரே வீடு, ஒரே அடுப்பு. ரெண்டு பேரும் ஆளுக்கொரு காதுல மாட்டிக்கிட்டு இவங்க நியூஸைக் கேட்டுக்கிட்டு இருந்தோம். பேரு, ஊரு எல்லாம் சொன்னாங்க. என் வீட்டுக்காரர் போயிட்டார்ன்னாங்க."

செய்தி ஆசிரியர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அவ தன் புருஷனுக்கு அடிபட்டிருக்கே, அதைக்கூட நினைக்கல. என்னைக் கட்டிப் பிடிச்சு எனக்காக அழுதா. நாப்பது நிமிஷம். அப்புறம் ஆஸ்பத்திரியில இருந்து எனக்குப் போன். உங்க வீட்டுக்காரர் உயிரோட இருக்கார், இறந்தது அவரோட அண்ணன்னு. நான் போனைக் கீழ வச்சுட்டு 'அப்பாடா, தெய்வமே'ன்னு சிரிச்சுட்டேன் சார். அவ தோள்ல சாஞ்சுக்கிட்டே சிரிச்சேன். என்னடி, என்னடின்னு அவளும் சிரிச்சுக்கிட்டே கேக்கறா."

அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டாள். "இனிமே அவ மூஞ்சில நான் எப்படி முழிக்கறது? அதை மட்டும் யாராவது சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

செய்தி ஆசிரியர் என் பக்கம் திரும்பினார். "திருத்தம் உங்களுக்கு வந்திருக்கு. பேப்பர்ல சரியா இருக்கு. பதினாலுக்குச் சொன்னீங்களா, இல்லையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வானொலி முந்திக்கொண்டாள். "அவர் சொல்லாம இருப்பாரா சார்? மூணு வருஷத்துல ஒரு நாள் விட்டிருப்பாரா? கண்டிப்பா மணி அடிச்சிருப்பார். நான்தான் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தேன், காதுல விழல." பிறகு அந்தப் பெண்ணிடம் போய்க் குனிந்து, "என் தப்புதாம்மா" என்றாள்.

அவள் என்னைக் காப்பாற்றவில்லை. பொய்யும் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினாள்.

"அடிச்சீங்களா?" என்றார் செய்தி ஆசிரியர்.

ஆமென்று தலையை ஆட்டினேன். தானாக ஆடியது என்று எழுதினால் அது அச்சுப்பிழை.

"எடுக்கலைன்னா எழுந்து போய்ச் சொல்றதுதானே?"

"பதினொண்ணாம் பக்கம் நின்னுக்கிட்டு இருந்தது சார்."

மற்ற இருவரும் போனபின் அவர் என்னை உட்காரச் சொன்னார். "ஒரு மாசமா அந்தம்மா என்னை ஒரே நச்சரிப்பு. 'கண் இல்லாம நான் படிக்க மாட்டேன், பக்கத்துல ஒரு ஆள் வேணும், அதுவும் பூதக்கண்ணாடிதான் வேணும்'னு. நிர்வாகத்தை ஒத்துக்க வச்சாச்சு. ஒண்ணாம் தேதியில இருந்து நீங்க உள்ள உக்கார வேண்டியது. நாற்காலிகூடச் சொல்லியாச்சு. பச்சை நிறம், அவங்கதான் பார்த்து எடுத்தாங்க."

உறுதியாகட்டும், அப்புறம் சொல்கிறேன் என்று கேன்டீனில் சொன்னது இதைத்தான்.

"இப்ப எல்லாம் கெட்டுது" என்றார். "தப்பு கண்ணுல இல்ல, காதுலன்னு ஆயிடுச்சே. காதுக்கு எதுக்கு ஆளுன்னு கேக்கறாங்க. மைக் முன்னாடி ஒரு சிவப்பு பல்பு மாட்டச் சொல்லிட்டாங்க. மணி அடிச்சா எரியுமாம். இப்போதைக்கு வேற பொண்ணு படிக்கும். அந்தம்மாவுக்கு மூணு வருஷம் முந்தி அடிச்ச லெட்டர் இன்னும் கம்ப்யூட்டர்லதான் இருக்கு, தேதியை மாத்தினா போதும்."

நான் என்ன ஆசைப்பட்டேனோ அது அப்படியே என் கைக்கு வந்துவிட்டது. அவள் மைக்கிலிருந்து இறங்கிவிட்டாள். என் மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன், இறங்கவில்லை. "அந்தம்மாவுக்கு என்னங்க ஆச்சு? யாரோ புதுசா படிக்குது" என்றாள் மனைவி. தெரியாது என்றேன்.

சனிக்கிழமை அந்தப் புதுக் குரல் கூடத்தில் ஒலித்தது. அழகான குரல்தான், குற்றம் சொல்ல முடியாது. "மாவட்டம் முழுவதும் உள்ள குலங்கள் தூர்வாரப்படும்" என்று படித்தாள், பிரதியில் இருந்தது இருந்தபடி. பத்திரிகையிலும் நான் குளத்தைக் குலமாகவே விட்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். முப்பது பேர் வேலை செய்கிற கூடம். ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. எல்லோரும் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். இத்தனை நாள் என் பிழையை அவள் அம்பலப்படுத்துகிறாள் என்று நினைத்துப் புகைந்தேன். இந்தக் கட்டடத்தில் என் பிழை பிழை என்று தெரிந்த இன்னொரு ஆள் அவள் மட்டும்தான்.

அவள் தன் தண்ணீர் பாட்டிலையும் சால்வையையும் எடுத்துப் போக வந்திருந்தாள். மாடிப்படி அருகே நிறுத்தினேன்.

"அன்னிக்கு நான் மணி அடிக்கல" என்றேன்.

"வேலை நெருக்கடி. மறந்துட்டீங்களா?"

"மறக்கல. நம்பரை அழுத்த ஆரம்பிச்சு நிறுத்தினேன். நீங்க சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க. பொறுக்கல."

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். மேசையில் பத்தி முடிந்ததும் நிமிர்வாளே, அப்படி நிமிர்ந்து பார்த்தாள்.

"நேத்து போய்க் காதை டெஸ்ட் பண்ணிக்கிட்டு வந்தேன் சார்" என்றாள். "ஒரு குறையும் இல்ல, நல்லா இருக்குன்னார் டாக்டர். நான் நம்பல. இன்னொரு டாக்டர்கிட்ட காட்டலாம்னு எழுதி வாங்கிட்டு வந்திருக்கேன்." கைப்பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தாள். நான்காகக் கிழித்தாள். துண்டுகளைக் கீழே போடாமல் மறுபடி பைக்குள்ளேயே போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

நான் செய்தி ஆசிரியர் அறைக்குப் போய் இதையே மறுபடி சொன்னேன். அவர், "மூஞ்சியைக் காட்டாதீங்க, போங்க" என்றார்.

திருத்தம் ஏழாம் பக்கத்தின் அடியில் நான்கு வரி வந்தது. நான்தான் எழுதினேன், ஒன்பது முறை படித்தேன், ஒரு புள்ளிகூடத் தப்பவில்லை. ஓரகத்தி தோளில் சாய்ந்து சிரித்த சிரிப்புக்கு அந்த நான்கு வரியில் இடம் இல்லை. அந்தப் பெண்ணின் வீட்டுக்கு ஒரு முறை போனேன். உண்மையைச் சொன்னேன். "அதைத் தெரிஞ்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டுக் கதவைச் சாத்திவிட்டாள். உள்ளே ஒரே அடுப்புதானா, இரண்டாகிவிட்டதா என்று தெரியவில்லை.

அலுவலகத்தில் என் வாக்குமூலம் ஒரு காரியம் செய்தது. தப்பு காதில் இல்லை என்று ஆனதால் பல்பு போதாது என்று ஆயிற்று. கண் வேறு அறையில் இருந்தால் ஆபத்து, கண்ணும் குரலும் ஒரே அறையில்தான் இருக்க வேண்டும் என்று நிர்வாகமே சொல்லிவிட்டது. வானொலி திரும்பி வந்தாள். அவள் கேட்ட ஆளும் கிடைத்தது, நான் இல்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். பக்கம் வடிவமைக்கிற 'ஸ்கேல்' என்கிற பையனைப் போட்டார்கள். பிளாஸ்டிக் ஸ்கேலால் முதுகு சொறிவான், அதனால் அந்தப் பெயர். 'ற' எங்கே, 'ர' எங்கே என்று கேட்டால் இரண்டையும் போடலாமா என்பான். எனக்கு மாதக் கடைசி வரைக்கும் கெடு. அதன்பின் பன்னிரண்டு பக்கத்தையும் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளுமாம்.

இன்று ஒரு மணிக்கு நான் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தேன். கண்ணாடி அறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. ஒத்திகை பார்த்தார்கள். பச்சை நாற்காலியில் ஸ்கேல் சாய்ந்து உட்கார்ந்து காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கமா, புள்ளியோடு படித்தாள். இத்தனை நாள் அவள்மேல் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை. அவனைப் பார்க்கப் பார்க்க எனக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்தது.

பத்தி முடிந்தது. அவள் நிமிர்ந்து, "போகலாமா?" என்றாள்.

"ம்ம், எங்க போகணும் மேடம்?" என்றான் ஸ்கேல்.

"போ" என்றேன் நான், என் மேசையிலிருந்து, கூடமே திரும்பிப் பார்க்கிற சத்தத்தில். அவள் கையை நீட்டிக் கதவைச் சாத்தினாள்.